மூன்று நாள் ஓடிய பிறகுதான்

2013 மார்ச் 18, திங்கட்கிழமை. காலை 4.35க்கு எழுந்தேன். நான்கு வாளி தண்ணீர் அள்ளிக் குளித்தேன். அந்தோனியார் சுரூபத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றிச் செபம் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலமானபடியால் சீனி போடாத தேநீர். நேற்றைய பாணில் இரண்டு துண்டு. அக்காவின் குளிசைகளைக் காலை, பகல், இரவு என்று பிரித்து மேசையில் வைத்தேன். கல்பிட்டியில் 5.40க்கு வரவேண்டிய புத்தளம் பஸ் 5.52க்கு வந்தது. இருக்க இடம் கிடைத்தது. 7.20க்கு ராத்தாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

அன்றைய நாட்குறிப்பு இதுவரை ஒழுங்காகப் போகிறது. இதற்குப் பிறகு கையெழுத்து மாறியிருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் தொண்ணூறு பக்கங்களை நான் டைப் செய்து கொடுக்கவேண்டும். பதினேழு வருஷம் நான் அலுவலக லிகிதராக இருந்த இறால் பண்ணை, நோய் வந்து குளங்கள் காய்ந்தபின், முந்தின டிசம்பரில் மூடப்பட்டது. கிடைத்த பணத்தில் அக்காவின் வைத்தியத்துக்கு ஒதுக்கியது போகக் கம்பியூட்டர் வாங்க முப்பத்தெட்டாயிரம் வைத்தேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. புத்தளத்தில் வரலாறு படிப்பிக்கும் டியூஷன் சேர் ஒருவருக்கு டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். சேர் தன் கையெழுத்துக் குறிப்புகளை என்னிடம் தந்து, செவ்வாய் காலை எட்டுக்குள் பென்டிரைவில் கொண்டுவந்தால் அந்த வருஷ வேலை முழுக்க எனக்கு என்றும், இல்லாவிட்டால் கொழும்பில் ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். நாற்பத்தைந்து வயதில் எனக்கு வேறு வேலை வரும் என்று நான் நினைக்கவில்லை.

மூத்த சகோதரியைப்போல ராத்தா என்று சொல்கிறேனே தவிர அவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர். புத்தளத்தில் மன்னார் வீதியிலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கையில், தகரக் கூரை வீட்டில் உம்மாவும் அவரும் இருந்தார்கள். சின்ன வயதில், 1990இல் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து எல்லோரோடும் இடம்பெயர்ந்து வந்தவர். முகாமில் நடந்த ஒரு வகுப்பில் கம்பியூட்டர் திருத்தப் பழகி, பிறகு கொழும்பில் பழைய மெஷின்கள் வாங்கிவந்து கழுவித் துடைத்து விற்கத் தொடங்கினார். ஒழுங்கையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார்.

முதல் நாள் நான் விலையைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், "எங்க வைப்பீங்க?" என்று கேட்டார்.

முன் அறையில் என்றேன். எந்தச் சுவர், எந்த யன்னல், கடல் எந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருப்பதைச் சொன்னதும் நிறுத்தினார். மூன்றாம் நாள் மாலை, சொல்லாமல் கொள்ளாமல், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பையும், பைக்குள் வயரோடு ஒரு பல்பும் இருந்தன. ஆறரை மணி, ஊர் முழுக்க லைட் போடும் நேரம். பல்பை எங்கள் பிளக்கில் கொளுவிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்பு மஞ்சளானது, சிவந்தது, மறுபடி வெளிச்சமானது. அக்கா எனக்குக் கிட்ட வந்து, இந்தப் பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா என்று காதுக்குள் கேட்டார். முக்கால் மணிநேரத்துக்குப் பிறகு ராத்தா எழும்பி, இந்தக் கரண்டுக்குப் புது மெஷினும் ஒன்றுதான் பழைய மெஷினும் ஒன்றுதான், முதலில் யூ.பி.எஸ். வாங்கவேண்டும் என்றார்.

அன்றைக்கு அவர் இன்னொன்றையும் கண்டார். எங்கள் கரையில் உப்புக் காற்றுக்குப் பயந்து ஒவ்வொரு வீட்டிலும் இரும்பு உள்ள சாமான் எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றி வைப்போம். எங்கள் வீட்டில் டி.வி., தையல் மெஷின், மின்விசிறியின் அடிப்பாகம் எல்லாம் நான் சுற்றியவைதான். மடிப்பு மடிப்பாக, ரப்பர் பட்டி போட்டு. பெருமையோடுதான் காட்டினேன். அவர் டி.வி.க்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். மூடினால் சூடு வெளியே போகாது, கம்பியூட்டரை இப்படிச் செய்யவேண்டாம் என்றார். சரி என்றேன். நான் சொன்ன சரியை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நம்பாமைதான் அவருடைய குணம். ஆளை நம்பாமை அல்ல. கொழும்பில் பணத்தை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு வருவார், ரசீதுத் துண்டு கேட்கமாட்டார். ஒரு சாமான் வேலைசெய்கிறது என்று யாராவது வாயால் சொன்னால் மட்டும் அவருக்குக் காதில் ஏறாது. எந்த மெஷினையும் மூன்று பகல் மூன்று இரவு தன் வீட்டு முன் அறையில், யன்னல்களைச் சாத்தி, தகரத்தின் சூட்டில் ஓட்டாமல் கையிலிருந்து விடமாட்டார். நடுவில் கரண்டை நிறுத்துவார். திடீரென்று போடுவார். அந்த மூன்று நாளுக்குள் வாங்குகிறவர் முழுக்காசையும் நீட்டினாலும் வாங்கமாட்டார்.

கனமூலை ஊர்க்காரர் ஒருவர் மருமகனுக்குக் கொடுப்பதற்காக ஒரு மெஷின் சொல்லியிருந்தார். கலியாண வீட்டில் மற்றச் சாமான்களோடு சபையில் வைக்கவேண்டும். இரண்டாம் நாளே வேனோடு வந்துவிட்டார். ராத்தா மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாராம். வேன்காரன் ஹோர்ன் அடிக்கிறான், ஒழுங்கை முழுக்கச் சனம்.

"மாப்பிள்ளைய எத்தின நாள் விசாரிச்சீங்க, மாமா?"

"ரெண்டு மாசம்."

"அப்ப இதுக்கு ஒரு நாள் பொறுங்க."

வேனில் வந்தவர் காலியான பெட்டியைப் பூத்தாள் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கலியாண வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து, கனமாக இருக்கிறமாதிரி முனகிக்கொண்டு அதைத் தூக்கி வைத்தார்களாம். மெஷின் அடுத்த நாள் பின்வாசலால் போனது. இதை எனக்குச் சொன்னவர் அந்த மனிதரேதான். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. அந்த மெஷினில் விசிறி ஒன்று மூன்றாம் நாள்தான் இரைந்தது, மாற்றிக் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னார்.

சேருக்குச் சொந்தக்காரர் ஒருவர் டவுனில் கடை வைத்திருந்தார். புது மெஷின், தட்டையான திரை, ஸ்பீக்கர், ஐம்பத்துநாலாயிரம். முப்பத்தெட்டை இப்போது கட்டினால் மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம், இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். இதை ராத்தாவிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அது நல்ல மெஷின் என்றார். பிறகு, மாதாமாதம் கட்டும் காசு எங்கிருந்து வரும், சேர் வேலை தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அவர் எனக்குத் தெரிவுசெய்தது ஏதோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்த மெஷின். மேலே கீறல்கள், பக்கத்தில் யாரோ ஒட்டிய இலக்கத் துண்டு. திரை பழைய பெட்டித் திரை. யூ.பி.எஸ். புதிது. கீபோர்ட் புதிது. அந்தக் கீபோர்ட்டுக்காக என்னை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஏழு கீபோர்டுகளில் அடிக்கச் செய்தார். கடைக்காரர் கைகட்டிக்கொண்டு பார்த்தார். நாள்முழுக்க உங்கள் விரல் படுவது இதில்தான், மற்றதெல்லாம் எனக்கு விடுங்கள் என்றார் ராத்தா. எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரத்து எழுநூறு.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. திங்கள் பகல் பன்னிரண்டுக்கு முடியும். சேருடைய கெடு செவ்வாய் காலை. நான் ராத்தாவிடம் கெஞ்சினேன். மூன்று நாள் மூன்று நாள்தான் என்றார். பிறகு, "இங்கயே இருந்து அடிங்க அக்கா. மெஷினும் ஓடினமாதிரி, உங்கட வேலையும் நடந்தமாதிரி" என்றார்.

அப்படித்தான் அடித்தேன். போய் உட்கார்ந்தபோது மெஷினைப் பொலித்தீனால் சுற்றியிருந்ததைக் கண்டேன். மடிப்பு மடிப்பாக, ரப்பர் பட்டி போட்டு, நான் செய்வதைப் போலவே. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க எப்பிடியும் மூடுவீங்க. அதால மூடியே ஓட்டிப் பாக்கிறன்."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மை. புதிய பொலித்தீன் நான் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தேன்.

சனி மாலைக்குள் ஐம்பத்தெட்டுப் பக்கம் முடிந்தது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்தேன். ஞாயிறு பூசை முடிய நேரே பஸ் ஏறியதால் அதை எடுக்கவில்லை. பின்னேரம் ராத்தா, அடித்ததைப் பென்டிரைவில் கொப்பி எடுத்தீர்களா என்று கேட்டார். பென்டிரைவைச் சுரூபத்தடியில் விட்டுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்றேன். மெஷினில் இருக்கிறதுதானே, நாளைக்கு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றலாம் என்று நினைத்தேன்.

திங்கள் காலை ஒன்பது பத்துக்கு எண்பத்தேழாம் பக்கத்தை முடித்தேன். இன்னும் மூன்றுதான். ராத்தா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். கடைசிச் சோதனை, அடித்ததைச் சேமியுங்கள் என்றார். சேமித்தேன்.

"நேத்து வரைக்கும் பென்ல இருக்குத்தானே?"

"ஓம்."

சுவர் சுவிட்சை நிறுத்தினார். யூ.பி.எஸ். கீச்கீச்சென்றது, திரை அசையவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்து யூ.பி.எஸ்ஸையும் நிறுத்தினார். திரை கறுத்தது. ஐந்துவரை எண்ணி மறுபடி போட்டார்.

டிக், டிக், டிக் என்று உள்ளே ஒரு சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி. நிறுத்திப் போட்டார். அதே வரி. பொலித்தீனைக் கிழித்து மூடியைத் திறந்து, ஹாட்டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் கொளுவிப் பார்த்தார். அங்கேயும் டிக், டிக். தொட்டுப் பார்த்தேன். விரலை வைக்க முடியாத சூடு.

"அது செத்துட்டு" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "பரவால்ல. இண்டைக்குக் காலையில அடிச்சதுதானே போயிருக்கும்."

இருபத்தொன்பது பக்கம் போயிற்று என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் ஒன்றும் பென்னில் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பொய் சொன்னது நானென்று தெரிந்தும், என் கோபம் அவர் பக்கமாகவே போனது.

"உடைக்கிறதுக்குத்தான் சோதிச்சீங்களா? மூடி வச்சு அவிச்சு, கரண்டைப் பிடுங்கி. நல்லா இருந்த சாமான்தானே."

"உங்கட ஊட்டுல செத்திருந்தா?"

"எங்கட வீட்டில செத்திருந்தா அது என்ர தலைவிதி. இங்க செத்தது உங்கட கையால."

உள்ளே உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். எங்கே போவதென்று தெரியவில்லை. டவுன் கடையில் முப்பத்தெட்டையும் கட்டினால் புது மெஷின் இரண்டு மணிநேரத்தில் வரும். ஆனால் அதோடு வீட்டுக்குப் போய்ச் சேரப் பகல் இரண்டு மணியாகிவிடும். எங்கள் கரண்டில் பின்னேரம் என்ன நடக்கும் என்று அந்தப் பல்பைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது ராத்தா தன் சொந்த மெஷினைத் திறந்து, அதன் ஹாட்டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரின் மெஷின்களைத் திருத்த அவர் நம்பியிருந்தது அந்த ஒன்றைத்தான்.

செருப்பைக் கழற்றினேன்.

அதை என் மெஷினில் பூட்டி, தமிழ் எழுத்துருக்களையும் மற்றவற்றையும் ஏற்றி முடிக்கப் பதினொன்று ஐம்பதாகிவிட்டது. ஐம்பத்தெட்டுப் பக்கங்கள் என் பையில் பென்டிரைவில் இருந்தன. அன்று காலைதான் சுரூபத்தடியிலிருந்து எடுத்து வந்திருந்தேன். மிச்சம் முப்பத்திரண்டு. கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தால் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு நிமிஷம் போகும். ராத்தா தாள்களை என் கையிலிருந்து வாங்கி, கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்.

இடம்பெயர்ந்ததோடு படிப்பு நின்றுபோனவர். அரசர்களின் பெயர்களில் தடக்கினார். ஆண்டுகளை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நாலாம் பக்கத்துக்குள் எனக்கு எங்கே மூச்சு வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு பக்கம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு வந்தது. ஒவ்வொரு பக்கமும் முடிய, கேட்காமலே பென்டிரைவை எடுத்துக் கொளுவி ஏற்றிவிட்டு, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னார். உம்மா சோறும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். தபசு காலமென்று நான் இறைச்சி தொடாததை அவர் கவனித்திருந்தார். தொழுகைக்கு ராத்தா எழும்பும்போது தாளை மூடிவைக்காமல், விட்ட வரியில் ஒரு தீக்குச்சியை வைத்துவிட்டுப் போனார். அந்த நேரங்களில் நானே பார்த்து அடித்தேன்.

ஆறு ஐம்பதுக்குத் தொண்ணூறாம் பக்கம் முடிந்தது. கல்பிட்டிக் கடைசி பஸ் போய்விட்டிருக்கும். அக்காவுக்குப் போன் பண்ணி இங்கே தங்குவதாகச் சொன்னேன்.

பிறகுதான் பென்டிரைவை எங்கே வைத்திருந்தேன் என்று ராத்தாவிடம் சொன்னேன். சுரூபம், காலடி, பூசை எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் மன்னாரிலிருந்து தாங்கள் வள்ளத்தில் வந்த கதையைச் சொன்னார். அந்த ஒரு தடவைதான் சொன்னார். ஆளுக்கு ஒரு பொருள் எடுக்கலாம் என்ற நிலைமையில் வாப்பா ரேடியோவைத் தூக்கினாராம். தண்ணீர் படாமல் தொழுகைப் பாயில் சுற்றி, வழிமுழுக்க மடியில் வைத்திருந்தாராம். கல்பிட்டியில் இறங்கி, முகாமில் கரண்ட் வந்த அன்று எல்லோரும் சுற்றி நிற்கப் போட்டுப் பார்த்தால் பாடவில்லை.

"தண்ணி பட்டுதா?"

"இல்ல. ஊர்ல இருக்கக்குள்ளயே பழுதாகி இருந்திச்சாம். உம்மாவுக்குத் தெரியும். வாப்பாட்ட கேக்க ஒருத்தருக்கும் வாய் வரல்ல."

தாளில் கிடந்த தீக்குச்சியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"அக்கா, காலையில கேட்டீங்களே. அது தானாச் செத்ததா, நான் சாகடிச்சனா எண்டு எனக்கும் தெரியா. எத்தினயோ மெஷின் ஓட்டியிருக்கன். எந்த ஒண்டுலயும் தெரியா."

அவர் எழும்பி, என் மெஷினை மூடாமல் ஓடவிட்டார். நேரம் ஏழு. வேறு ஹாட்டிஸ்க் போட்டபடியால் மூன்று நாளும் மறுபடி தொடங்கும், வியாழன் இரவு ஏழுக்குத்தான் தருவேன் என்றார். இவ்வளவுக்குப் பிறகும் அதில் ஒரு மணிநேரம்கூடக் குறைக்கவில்லை. தரப்போவது தன்னுடைய ஹாட்டிஸ்க் என்பதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. விலை அதே விலைதான் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, தேநீர்கூடக் குடிக்காமல், முதல் வேலையாகச் சேர் வீட்டுக்குப் போனேன். ஆறு நாற்பது. சாரத்தோடு வந்து கதவைத் திறந்தவர், பென்டிரைவை வாங்கித் தன் மெஷினில் கொளுவி, தொண்ணூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எழுபத்தோராம் பக்கத்தில் ஒரு பிழை கண்டு தானே திருத்தினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அடுத்த கட்டுத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

உங்களுக்கு இன்னும் சொந்த மெஷின் இல்லைதானே, என் சொந்தக்காரரிடம் சொன்னால் இன்றைக்கே ஒன்றை வீட்டுக்கு அனுப்புவார் என்றார்.

"வேண்டாம் சேர். எனக்கு வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு வருது" என்றேன்.